டீக்கடை ஃபிரான்சைஸ் எடுக்கலாமா? பணம் கட்டுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

நான் ஒரு கணக்குத் தணிக்கை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். மாதத்துக்கு ஒருவராவது வழவழப்பான கையேடு ஒன்றை எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறார். விருப்ப ஓய்வில் கிடைத்த தொகை, வளைகுடாவில் உழைத்துச் சேர்த்தது, ஊரில் நிலம் விற்று வந்தது என்று பணம் எந்த வழியில் வந்திருந்தாலும் கேள்வி ஒன்றுதான்: “இந்த டீக்கடை ஃபிரான்சைஸ் எடுக்கலாமா, சார்?” அவர்கள் வழக்கமாகக் கேட்பவற்றையும் நான் சொல்கிற பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன். பிரியாணி, ஐஸ்கிரீம், சலவையகம் என்று வேறு எதை எடுக்க நினைப்பவருக்கும் கணக்கு பெரும்பாலும் இதே வழியில்தான் போகும்.

ஃபிரான்சைஸ் எடுத்தால் நான் வாங்குவது எதை?

ஒரு பெயரை, குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு, குறிப்பிட்ட இடத்தில் பயன்படுத்தும் உரிமையை. கம்பெனியில் உங்களுக்குப் பங்கு கிடையாது. ஐந்து ஆண்டு ஒப்பந்தம் என்றால் ஐந்தாம் ஆண்டு முடிவில் அந்தப் பெயர்ப் பலகையை இறக்கிவிட வேண்டும், அல்லது புதுப்பிப்புக் கட்டணம் கட்ட வேண்டும். நிலம் வாங்கினால் நிலம் இருக்கும், நகை வாங்கினால் நகை இருக்கும். இதில் கட்டிய கட்டணம் நாளுக்கு நாள் கரைந்துகொண்டே வரும். இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றக் கேள்விகளுக்குப் போகலாம்.

‘வெறும் 12 லட்சம் போதும்’ என்கிறார்கள். போதுமா?

எனக்குத் தெரிந்து யாருக்கும் போதவில்லை. கையேட்டில் இருப்பது கடை திறப்பதற்கான செலவு. கடை தன் காலில் நிற்கும்வரை ஆகும் செலவு அதில் இருக்காது.

ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன். எண்கள் நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள். ஃபிரான்சைஸ் கட்டணம் 4 லட்சம். உள் அலங்காரம், பாய்லர், குளிர்பெட்டி, பில் போடும் இயந்திரம் எல்லாம் சேர்த்து 7.5 லட்சம். முதல் சரக்கு 60,000. ஆக ஏறக்குறைய 12 லட்சம். கையேடு இங்கே நின்றுவிடும்.

கட்டணத்தின் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 72,000 ரூபாய். அதைப் பிறகு கழித்துக்கொள்ளலாம் என்று விற்பனைப் பிரதிநிதி சொல்லக்கூடும். ஆனால், 5 சதவீத ஜிஎஸ்டியில் இயங்கும் உணவகங்களுக்கு உள்ளீட்டு வரி வரவு, அதாவது இப்படிக் கழித்துக்கொள்ளும் வசதி, கிடையாது. டீக்கடையும் அந்த வகையில்தான் வரும். எனவே அந்த 72,000 போனது போனதுதான். விற்பனையில் ஒரு பங்காக மாதாமாதம் கம்பெனிக்குக் கட்டும் ராயல்டியின் மேல் விழும் 18 சதவீதமும் அப்படியே. வருகிறவர்களில் பாதிப் பேருக்கு இது தெரிவதில்லை.

அடுத்தது கட்டட அட்வான்ஸ். மாதம் 35,000 வாடகைக்குப் பத்து மாத அட்வான்ஸ் என்றால் 3.5 லட்சம். அது திரும்பி வரும் பணம்தான். ஆனாலும் இன்று உங்கள் கையிலிருந்து போகிறது, அதற்கு வட்டியும் கிடையாது. கடைசியாக, முதல் சில மாதங்களின் நஷ்டத்தைத் தாங்க 3 லட்சமாவது தனியாக வேண்டும். எல்லாவற்றையும் கூட்டினால் 19 லட்சத்து 32 ஆயிரம். 12 லட்சத்தை மட்டும் வைத்துக்கொண்டு இறங்குகிறவர் மூன்றாம் மாதம் மனைவியின் நகையை அடகுக்கடைக்கு எடுத்துச் செல்வது இப்படித்தான்.

மாதம் 90,000 லாபம் வரும் என்று போட்டிருக்கிறார்களே?

எவ்வளவு விற்பனைக்கு என்று முதலில் கேளுங்கள். பிறகு, எந்தெந்தச் செலவைக் கழித்த பின் என்று கேளுங்கள். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் தெளிவான பதில் வராது.

அதே மாதிரிக் கடையில் வரி போக நாளுக்கு 10,000 ரூபாய் விற்பனை என்று வைத்துக்கொள்வோம். மாதம் 3 லட்சம். பால், தூள், சர்க்கரை, பலகாரம், கப் இவற்றுக்கு 45 சதவீதம் போனால் 1,65,000 மிச்சம். வாடகை 35,000. டீ மாஸ்டருக்கும் இரண்டு உதவியாளர்களுக்கும் 52,000. மின்சாரமும் கேஸும் 20,000. பழுது, வீணாகும் பால், துப்புரவு என்று 10,000. ராயல்டி 5 சதவீதம், அதன் மேல் ஜிஎஸ்டியோடு 17,700. இவை போகக் கல்லாவில் நிற்பது 30,300 ரூபாய்.

பரவாயில்லை என்று தோன்றும். ஆனால், விடிகாலை ஐந்தரைக்குக் கடை திறந்து இரவுவரை கல்லாவில் உட்கார்ந்திருப்பது நீங்கள். அந்த வேலைக்கு வேறு ஒருவரை வைத்தால் 20,000 கொடுத்தாக வேண்டும். அதைக் கழித்தால் உங்கள் பணம் ஈட்டியது 10,300. அடுத்து, ஐந்து ஆண்டில் செல்லாக்காசாகப் போகும் கட்டணமும் அலங்காரமும் சேர்ந்து 12 லட்சத்து 22 ஆயிரம். அறுபது மாதங்களுக்குப் பிரித்தால் மாதம் 20,000 ரூபாய்க்குச் சற்று அதிகம். அதையும் கழித்தால் மாதம் ஏறத்தாழ 10,000 ரூபாய் நஷ்டம். கையில் காசு புரண்டுகொண்டே இருப்பதால் நஷ்டம் கண்ணுக்குத் தெரியாது. ஐந்தாம் ஆண்டு, போட்ட பணம் எங்கே என்று தேடும்போதுதான் தெரியும்.

அதே கடையில் நாளுக்கு 14,000 விற்றால் கதையே வேறு. கூடுதலாக ஓர் ஆளை 15,000 சம்பளத்துக்கு வைத்தாலும், எல்லாம் போக மாதம் சுமார் 34,000 நிற்கும். போட்ட 19.32 லட்சத்துக்கு அது ஆண்டுக்கு 21 சதவீதம். பத்தாயிரத்துக்கும் பதினாலாயிரத்துக்கும் நடுவில்தான் உங்கள் தலையெழுத்து இருக்கிறது. இந்தக் கணக்கில் லாபமும் நஷ்டமும் இல்லாத புள்ளி நாளுக்கு சுமார் 10,700 ரூபாய்.

இதை ரூபாயாகப் பார்ப்பதைவிட ஆட்களாகப் பாருங்கள். ஒருவர் சராசரியாக 30 ரூபாய்க்குச் சாப்பிட்டால் நாளுக்கு 357 பேர் வர வேண்டும். பதினைந்து மணி நேரத்துக்கு, இரண்டரை நிமிடத்துக்கு ஒருவர், ஞாயிற்றுக்கிழமை உட்பட. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் இடத்துக்கு எதிரில் ஒரு வாரநாளும் ஒரு ஞாயிறும் உட்கார்ந்து, பக்கத்து டீக்கடைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று கோடு போட்டு எண்ணுங்கள். இதற்குச் செலவு நாலு டீ. சிரித்துவிட்டுப் போனவர்கள் உண்டு. எண்ணிப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்காமல் தப்பியவர்களும் உண்டு.

நல்ல கம்பெனியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான். அந்தக் கம்பெனி கடை திறந்தால் சம்பாதிக்கிறதா, கடை ஓடினால் சம்பாதிக்கிறதா?

நுழைவுக் கட்டணத்திலும் அலங்கார ஒப்பந்தத்திலும் பெரும்பகுதி வருமானம் பார்க்கும் கம்பெனிக்கு, உங்கள் கடைத் திறப்பு விழாவன்றே உங்களிடம் இருந்த வேலை முடிந்துவிடுகிறது. அடுத்த ஊரில் அடுத்த ஆளைத் தேடப் போய்விடும். விற்பனையில் சதவீதம் வாங்கும் கம்பெனிக்கு நீங்கள் பத்து ஆண்டு ஓடினால்தான் லாபம். மெக்டொனால்ட்ஸ் அமெரிக்காவில் வளர்ந்த விதம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கடை இருக்கும் இடத்தைக் கம்பெனியே பிடித்து, கடைக்காரருக்கு உள்வாடகைக்கு விட்டு, விற்பனையோடு சேர்ந்து வாடகையும் ராயல்டியும் ஏறுகிற மாதிரி வைத்துக்கொண்டது. கடை படுத்தால் கம்பெனிக்கும் அடி.

‘எங்களிடம் ராயல்டியே கிடையாது’ என்ற விளம்பரத்தைப் பார்த்துப் பலர் மயங்குகிறார்கள். அப்படியானால் தூள், மசாலா, கப் எல்லாவற்றையும் அவர்களிடமே வாங்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். கிலோ 400 ரூபாய்க்குச் சந்தையில் கிடைக்கும் தூளை 650-க்கு வாங்கினால், ராயல்டி வேறு வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். அமெரிக்காவில் குவிஸ்னோஸ் என்ற சாண்ட்விச் கடைச் சங்கிலி இப்படித்தான் கெட்ட பெயர் வாங்கியது. உச்சத்தில் ஏறக்குறைய 5,000 கடைகள். சரக்கைக் கம்பெனி சார்ந்த நிறுவனத்திடம் கூடுதல் விலைக்கு வாங்கக் கட்டாயப்படுத்துகிறார்கள் என்று கடைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் கடைகள் மூடின. 2014-ல் கம்பெனியே திவால் மனு கொடுத்தது.

வேறு எதைச் சரிபார்க்க வேண்டும்?

பெயர் அவர்களுடையதுதானா என்பதை. வணிக முத்திரைப் பதிவேட்டை இணையத்தில் யாரும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். பெயருக்குப் பக்கத்தில் டிஎம் என்று போட்டுக்கொள்ளப் பதிவு தேவையில்லை. வட்டத்துக்குள் ஆர் போட்டுக்கொள்ளத்தான் பதிவு வேண்டும். உணவகச் சேவைக்கான வகுப்பு 43. தேயிலைத் தூளுக்கு வகுப்பு 30-ல் மட்டும் பதிவு வாங்கிவிட்டு, கடைப் பெயரையே காப்பாற்றியாகிவிட்டதுபோலப் பேசுகிறவர்களும் இருக்கிறார்கள். தனியார் நிறுவனமாகப் பதிவு செய்திருந்தால் அதன் ஆண்டுக் கணக்குகளைக் கம்பெனி விவகார அமைச்சகத் தளத்தில் சிறு கட்டணம் கட்டிப் பார்த்துவிடலாம். அதில் கட்டண வருமானம் எவ்வளவு, ராயல்டி எவ்வளவு என்று பிரித்துக் காட்டியிருந்தால், முந்தைய கேள்விக்கான பதிலும் அங்கேயே கிடைத்துவிடும்.

ஏற்கெனவே கடை எடுத்தவர்களிடம் என்ன கேட்பது?

கம்பெனி கொடுக்கும் மூன்று தொலைபேசி எண்களுக்குப் பேசிவிட்டுத் திருப்தி அடையாதீர்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் தரகரிடமே விசாரிக்கிற கதை அது. நீங்களாக பஸ் ஏறிப் போங்கள். இரண்டு ஆண்டுக்கு மேல் நடத்துகிறவர் நான்கைந்து பேரையாவது, மதியம் மூன்று மணி வாக்கில், கூட்டமில்லாத நேரத்தில் பாருங்கள். லாபம் எவ்வளவு என்று நேராகக் கேட்டால் யாரும் சொல்ல மாட்டார்கள். “நாளுக்கு எத்தனை லிட்டர் பால் ஆகிறது?” என்று கேளுங்கள், கூச்சமில்லாமல் சொல்லிவிடுவார்கள். பால் கணக்குத் தெரிந்தால் டீ கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும். “இன்னொரு கடை எடுப்பீர்களா?” என்பதை எழுந்து வரும்போது கேளுங்கள்.

அதைவிட முக்கியம், மூடியவர்கள். ஓராண்டுக்கு முந்தைய கிளைப் பட்டியலையும் இன்றைய பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். காணாமல் போன ஊர்களுக்குப் போய்ப் பாருங்கள். அந்த இடத்தில் இப்போது கைப்பேசிக் கடை இருக்கும். பக்கத்து மருந்துக் கடைக்காரர் முழுக் கதையையும் சொல்லுவார்.

அமெரிக்காவில் இந்த அலைச்சலில் பெரும்பகுதி வேண்டியதில்லை. அங்கே ஃபிரான்சைஸ் விற்கிறவர், கையெழுத்துக்கோ பணம் வாங்குவதற்கோ குறைந்தது 14 நாளுக்கு முன்னால், 23 தலைப்புகள் கொண்ட வெளிப்படுத்தல் ஆவணத்தைக் கொடுத்தே ஆக வேண்டும். எத்தனை கடைகள் திறந்தன, எத்தனை மூடின, கம்பெனி மேல் என்னென்ன வழக்குகள், தணிக்கை செய்த கணக்கு எல்லாம் அதில் வந்துவிடும். வருமானம் இவ்வளவு வரும் என்று சொல்ல வேண்டுமானால் அதையும் ஆதாரத்தோடு அந்த ஆவணத்தில்தான் சொல்ல வேண்டும். மலேசியாவில் ஃபிரான்சைஸுக்கென்றே 1998-ம் ஆண்டின் தனிச் சட்டமும் பதிவு முறையும் இருக்கின்றன.

இந்தியாவில் அப்படி ஒரு சட்டம்?

தனியாகக் கிடையாது. 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் 1999-ம் ஆண்டின் வணிக முத்திரைச் சட்டமும்தான் கை கொடுக்க வேண்டும். அதாவது, உங்கள் ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான் உங்களுக்குச் சட்டம்.

சரி, ஒப்பந்தத்தில் எதைத் தேடிப் படிப்பது?

வழக்கறிஞரிடம் ஒரு முறை காட்டுங்கள். நாலு லட்சம் கட்டணம் கொடுக்கிறவர் அவருக்குச் சில ஆயிரம் கொடுக்கத் தயங்குவது எனக்கு இன்னும் புரியாத விஷயம். நான் படிக்கும்போது சில இடங்களில் பேனாவால் வட்டம் போடுவேன்.

‘வாய்மொழியாகவோ விளம்பரமாகவோ சொல்லப்பட்ட எதையும் நம்பி இதில் நான் கையெழுத்திடவில்லை’ என்ற மாதிரி ஒரு வரி கடைசிப் பக்கங்களில் ஒளிந்திருக்கும். 90,000 லாபம் என்று சொன்ன வாயை அடைக்கும் வரி அதுதான். அந்தக் கணக்கை ஒப்பந்தத்தின் இணைப்பாகச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்க்க மாட்டார்கள். மறுக்கும்போது என்ன சொல்கிறார்கள் என்று கவனியுங்கள்.

அடுத்து எல்லை. உங்கள் கடையிலிருந்து எத்தனை கிலோமீட்டருக்குள் இன்னொரு கிளை வரக்கூடாது என்று எழுதியிருக்கிறதா? ஸ்விக்கி, ஸொமேட்டோ வழியாக வேறொரு கிளை உங்கள் தெருவுக்கு அனுப்பினால் அது எல்லை மீறலா, இல்லையா? ராயல்டியை வாடிக்கையாளர் கொடுத்த விலையின் மேல் போடுகிறார்களா, செயலியின் கமிஷன் போக உங்கள் கணக்குக்கு வந்த தொகையின் மேல் போடுகிறார்களா? இது சின்ன விஷயமாகத் தோன்றும். கமிஷனும் கொடுத்து, கைக்கே வராத அந்தக் கமிஷன் தொகைக்கு ராயல்டியும் கட்டிய ஒருவரின் கணக்கை நான் எழுதியிருக்கிறேன்.

ஒப்பந்தக் காலமும் கட்டட வாடகைக் காலமும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். ஃபிரான்சைஸ் ஐந்து ஆண்டு, வாடகைப் பத்திரம் பதினொரு மாதம் என்று கையெழுத்திட்டுவிட்டு, கடை சூடுபிடித்ததும் கட்டடக்காரர் வாடகையை இரட்டிப்பாக்கினால் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். அந்தச் செலவுக்கு அஞ்சாதீர்கள்.

வெளியேறும் வழியும் இருக்க வேண்டும். கடையை இன்னொருவருக்குக் கைமாற்றலாமா, அதற்குக் கம்பெனிக்கு எவ்வளவு? விலகிய பிறகு இரண்டு ஆண்டு டீக்கடையே வைக்கக்கூடாது என்ற நிபந்தனையைப் பல ஒப்பந்தங்களில் பார்க்கிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் 27-ம் பிரிவின்படி, ஒப்பந்தம் முடிந்த பிறகும் தொடரும் இப்படிப்பட்ட தடை பொதுவாகச் செல்லாது. ஆனால், ஒப்பந்தம் நடைமுறையில் இருக்கும்போது போட்டித் தொழில் கூடாது என்பது செல்லும். கோகோ கோலாவுக்கும் குஜராத் பாட்டிலிங் நிறுவனத்துக்கும் நடந்த வழக்கில் 1995-ல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

கடையைக் கம்பெனியே நடத்தும், எனக்கு மாதம் உறுதியான தொகை வரும் என்கிறார்கள். அலைச்சல் இல்லையே?

2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழிப் பண்ணைகள் கவிழ்ந்தது நினைவிருக்கிறதா? குஞ்சும் தீவனமும் அவர்களே கொடுப்பார்கள், மாதம் பராமரிப்புத் தொகை, ஆண்டுக்குப் போனஸ் என்றுதான் அதையும் விற்றார்கள். பறவையை யார் வாங்கிச் சாப்பிடுகிறார்கள் என்று கேட்டவர் குறைவு.

பணம் உங்களுடையது, நிர்வாகம் அவர்களுடையது, விற்பனை எப்படி இருந்தாலும் மாதம் இவ்வளவு நிச்சயம் என்றால், டீயின் பெயரைச் சொல்லி டெபாசிட் திரட்டுகிறார்களோ என்று சந்தேகப்பட வேண்டும். தமிழ்நாட்டில் முதலீட்டாளர் நலன் காக்க 1997-லேயே சட்டம் வந்தது. ஒழுங்குமுறைக்குள் வராத டெபாசிட் திட்டங்களைத் தடை செய்யும் மத்தியச் சட்டம் 2019-ல் வந்தது. இரண்டும் வரவேண்டியிருந்ததற்குக் காரணம் இத்தகைய வாக்குறுதிகள்தான். கம்பெனி நடத்தும் எல்லாக் கடைகளும் மோசடி என்று சொல்ல மாட்டேன். நாளுக்கு எத்தனை பில் போட்டார்கள் என்று நீங்கள் நேரடியாகப் பார்க்க வசதி இல்லையென்றால் பணம் போடாதீர்கள் என்று சொல்வேன்.

கடன் வாங்கி எடுக்கலாமா?

மூன்றில் ஒரு பங்குவரை என்றால் யோசிக்கலாம். மேலே சொன்ன மாதிரிக் கணக்கில் நான் வட்டியே சேர்க்கவில்லை என்பதைக் கவனியுங்கள். வீட்டுப் பத்திரத்தை வைத்து என்றால் என்னிடம் கேட்க வேண்டாம், வீட்டில் கேளுங்கள்.

பெரிய பிராண்ட் என்றால் பயமில்லைதானே?

பெயர் பெரிதானால் சண்டையும் பெரிதாகும். மெக்டொனால்ட்ஸின் வட, கிழக்கு இந்தியக் கடைகளை நடத்திய கூட்டு நிறுவனத்தின் நிர்வாக இயக்குநர் விக்ரம் பக்ஷி 2013-ல் அந்தப் பதவியை இழந்தார். 2017-ல் 169 கடைகளின் ஃபிரான்சைஸை மெக்டொனால்ட்ஸ் ரத்து செய்தது. 2019-ல்தான் சமரசம். அவரிடம் வழக்கு நடத்த வசதி இருந்தது.

சொந்தப் பெயரிலேயே கடை வைத்துவிடலாமா?

கைத்தொழில் தெரிந்தவர் என்றால் தாராளமாக. மாதிரிக் கணக்கில் கட்டணமும் அதன் வரியும் சேர்த்து 4.72 லட்சம், மாதம் 17,700 ராயல்டி இரண்டும் மிச்சம். அந்தப் பணத்தில் நல்ல டீ மாஸ்டருக்குக் கூடுதல் சம்பளம் கொடுத்துத் தக்கவைத்துக்கொள்ளலாம். தமிழ்நாட்டில் டீக்கடையின் பிராண்ட் பெரும்பாலும் மாஸ்டரின் கைதான். அவர் எதிர்க் கடைக்குப் போனால் கூட்டமும் பின்னாலேயே போகும், உங்கள் பலகையில் என்ன பெயர் இருந்தாலும்.

ஆனால், இதுவரை வியாபாரமே செய்யாதவருக்கு, சரக்கு வாங்குவது, விலை போடுவது, ஆள் பழக்குவது எல்லாவற்றையும் ஒருவர் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுப்பதற்கு ஒரு விலை உண்டு. அதற்கு 4 லட்சம் தகுமா என்று கேட்டால், கம்பெனியின் பயிற்சி எத்தனை நாள், கடை திறந்த பிறகு எத்தனை முறை வந்து பார்க்கிறார்கள் என்பதை வைத்துத்தான் சொல்ல முடியும். மூன்று நாள் பயிற்சிக்குத் தகாது.

அவசரப்பட்டு முன்பணம் கொடுத்துவிட்டேன். திரும்ப வருமா?

முதலில் ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். ‘திருப்பித் தரப்படாது’ என்று இருந்தாலும் உடனே சோர்ந்துவிட வேண்டாம். பொய்த் தகவல் சொல்லிச் சம்மதம் வாங்கியிருந்தால், அந்த ஒப்பந்தத்தை ரத்து செய்யும் உரிமையை ஒப்பந்தச் சட்டத்தின் 19-ம் பிரிவு உங்களுக்குக் கொடுக்கிறது. பொய் என்று காட்ட எழுத்தில் ஏதாவது வேண்டும். ஆகவே, இனிமேல் தொலைபேசியில் பேசுவதைக் குறைத்து, மின்னஞ்சலில் கேளுங்கள், பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புங்கள்.

வியாபாரத்துக்காக வாங்கியவர் நுகர்வோர் அல்ல என்று எதிர்த்தரப்பு வாதிடும். சொந்த உழைப்பில், பிழைப்புக்காக மட்டும் எடுத்தவருக்கு 2019-ம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்பதை உங்கள் வழக்கறிஞருக்கு நினைவுபடுத்துங்கள். பிரபலமான பெயரில் போலி இணையதளம் வைத்து இணைய வழியாகப் பணம் பறித்திருந்தால் வழக்கறிஞர்வரை காத்திருக்காமல், உடனே இணையக் குற்றங்களுக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்திவைக்க முயல்வார்கள். விற்பனைப் பிரதிநிதி அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகளை அன்றே நகல் எடுத்து வேறு இடத்தில் சேமித்துக்கொள்ளுங்கள். என்னிடம் வந்த ஒருவரிடம் இருந்த ஒரே ஆதாரம், அவர் பழைய கைப்பேசியைக் கொடுத்துப் புதியது வாங்கியபோது போய்விட்டது.